குழாய் எவ்வளவு வேகமாக அரிக்கிறது? ஒரு கழித்தல் கணக்கு

இன்றைய எபிசோடு இரண்டு எண்களைப் பற்றியது. 47, 89. இரண்டும் ஒரே குழாயில் ஒரே இடத்தைப் பற்றிய எண்கள்தான்.

2015 மே 19. கலிஃபோர்னியாவில் சான்டா பார்பரா பக்கம் ரெஃபூஜியோ கடற்கரை. எண்ணெய் நாற்றம் அடிக்குதுன்னு தகவல் வந்து தீயணைப்புத் துறையினர் போய்ப் பார்க்கிறார்கள். பிளெயின்ஸ் நிறுவனத்தின் லைன் 901, 24 அங்குல கச்சா எண்ணெய்க் குழாய், மண்ணுக்கு அடியில் உடைந்திருக்கிறது. எண்ணெய் நெடுஞ்சாலைக்குக் கீழே இருக்கும் நீர்வழியில் இறங்கிக் கடலுக்குப் போய்க்கொண்டிருக்கிறது. மொத்தம் வெளியேறியது சுமார் 2,900 பேரல். அந்தப் பகுதியில் பல வாரங்கள் மீன்பிடிக்கத் தடை.

காரணம், குழாயின் வெளிப்பக்கத்தில் பிடித்த துரு. அது கெட்டியான எண்ணெய், சூடாக்கித்தான் அனுப்பணும். சூடு போகாமல் இருக்கக் குழாயைச் சுற்றி நுரை மாதிரி ஒரு உறை. அந்த உறைக்குள்ளே ஈரம் புகுந்துவிட்டால் வெளியேறாது. துருவைத் தடுக்கக் கொடுக்கும் மின்சாரப் பாதுகாப்பும் உறையைத் தாண்டி உள்ளே சரியாகப் போய்ச் சேராது.

சரி, யாரும் சோதிக்கலையா? சோதித்தார்கள். 2007-ல், 2012-ல், கடைசியாக உடைவதற்கு சுமார் இரண்டு வாரம் முன்பு.

எப்படிச் சோதிப்பாங்க? "பிக்" என்று ஒரு கருவி. குழாய்க்குள்ளே எண்ணெயோடு சேர்ந்து ஓடும். அதில் இருக்கிற பெரிய காந்தங்கள் குழாயின் எஃகுச் சுவரைக் காந்தப்புலத்தால் நிரப்பும். சுவர் மெலிந்த இடத்தில் அந்தப் புலம் வெளியே கசியும். கசிவை சென்சார்கள் பதிவு செய்யும். அதிலிருந்து "இங்கே சுவரில் இத்தனை சதவீதம் போயிருக்கு" என்று கணக்கிடுவார்கள். இங்கே ஒன்றை மனசுல வச்சுக்கோங்க: பிக் பள்ளத்தின் ஆழத்தை நேராக அளக்கவில்லை, சிக்னலைப் பார்த்து ஊகிக்கிறது.

அந்தக் கடைசி ஓட்டத்தின் கணிப்பு, 47 சதவீதம். உடைந்த குழாயை எடுத்து அளந்தபோது, 89 சதவீதம். சுவர் 10 மில்லிமீட்டர் என்று வச்சுக்குவோம். 5.3 மில்லிமீட்டர் மிச்சம் என்று நினைத்த இடத்தில் இருந்தது 1.1 மட்டும். அமெரிக்க விதிப்படி 80 சதவீதத்துக்கு மேல் போனால் உடனே பழுதுபார்க்கணும். 89 அந்தக் கோட்டுக்கு மேலே. 47 ரொம்பக் கீழே. அந்த ரிப்போர்ட் முன்கூட்டியே கைக்கு வந்திருந்தாலும், 47-ஐப் பார்த்து யாரும் பதறியிருக்க மாட்டார்கள்.

நான் சாஃப்ட்வேர் ஆள். எங்க வேலையில சர்வர் டிஸ்க் நிரம்புவதைக் கண்காணிப்போம். போன வாரம் 60 சதவீதம், இந்த வாரம் 65. அப்போ இன்னும் ஏழு வாரம் இருக்கு. கழித்தல், வகுத்தல், முடிஞ்சுது. டிஸ்க் பொய் சொல்லாது. அதனால் அந்தக் கணக்கு ஓடுது.

குழாய்க்கும் இதே கணக்கைப் போடலாமா? இந்தக் காந்த பிக்குகளுக்குச் சாதாரணமாகச் சொல்லும் துல்லியம், சுவர்த் தடிமனில் கூடவோ குறையவோ 10 சதவீதம். அதுவும் 100 அளவுகளில் 80-க்குத்தான் அந்த உறுதி. இப்போ பாருங்க. முதல் ஓட்டத்தில் 30, ஐந்து வருடம் கழித்து 40. வருடத்துக்கு 2 சதவீதம். 80-ஐத் தொட இன்னும் 20 வருடம். நிம்மதியாகத் தூங்கலாம்.

ஆனால் முதல் அளவு 10 கூடுதலாகவும் இரண்டாவது 10 குறைவாகவும் இருந்தால்? உண்மை 20-லிருந்து 50. வருடத்துக்கு 6 சதவீதம். 80-க்கு இன்னும் ஐந்தே வருடம். கருவி மேல் குற்றம் சொல்லவும் முடியாது. இரண்டு அளவுமே அது சொன்ன துல்லியத்துக்குள்தான் இருக்கு!

அரிப்பின் வேகத்தை பிக் அளப்பதில்லை. அதற்கு வேகம் தெரியாது. இரண்டு ஊகங்களைக் கழித்து நாமதான் வேகத்தைக் கண்டுபிடிக்கிறோம். கழிக்கும்போது இரண்டு பிழைகளும் சேர்ந்து வருது.

இதற்கு வழி இல்லாமல் இல்லை. ஒன்று, ரிப்போர்ட்டில் இருக்கும் சதவீதங்களை மட்டும் கழிக்காமல், இரண்டு ஓட்டங்களின் மூல சிக்னல்களையே பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவது. குழாயின் வெல்டிங் இணைப்புகளை அடையாளமாக வைத்து, அதே பள்ளம்தானா என்று முதலில் உறுதி செய்யணும். இரண்டு, தோண்டுவது. சில இடங்களில் மண்ணை எடுத்து, உறையைப் பிரித்து, கையால் அளந்து, பிக் சொன்னதோடு ஒப்பிடுவது. பிக் தொடர்ந்து குறைத்துச் சொல்கிறது என்று தெரிந்தால், தோண்டாத இடங்களின் எண்களையும் திருத்தணும். தோண்டின இடத்தை மட்டும் சரிசெய்துவிட்டு மண்ணை மூடினால், பாதி வேலைதான் முடிஞ்சிருக்கு.

இதைப் படித்த பிறகு என் டாஷ்போர்டைப் பார்க்கும்போதும் ஒரு கேள்வி வருது. இந்த எண் அளந்ததா, ஊகித்ததா? ஊகித்ததுன்னா, கடைசியாக எப்போ தோண்டிப் பார்த்தோம்?

உங்க வேலையில் அப்படி ஒரு எண் இருந்தால் எழுதி அனுப்புங்க. அடுத்த எபிசோடில் சந்திப்போம்.