கைத்திறனும் கல்வித் தகுதியும்

 

அமெரிக்காவில் உள்ள கைரோபிராக்டிக் என்னும் தொழிலைப் பற்றி இன்று சில சொல்ல விழைகிறோம். முதுகெலும்பையும் மூட்டுகளையும் கையால் சீர்செய்யும் தொழில் அது. அது நமக்கு எதற்கு என்று கேட்கலாம். அதன் வரலாற்றில் முதற் பக்கத்திலேயே நம்மைப் போன்ற ஒருவர் நிற்கின்றார்.

1895ஆம் ஆண்டில் அயோவா மாநிலத்து டாவன்போர்ட் நகரில், டி. டி. பால்மர் என்பவர் ஹார்வி லில்லார்டு என்ற கறுப்பினத் துப்புரவுத் தொழிலாளியின் முதுகெலும்பைக் கையால் அழுத்திச் சரிசெய்தார். அதனால் லில்லார்டுக்குக் காது கேட்கலாயிற்று என்பது பால்மரின் கூற்று. 1897இல் அவர் பள்ளியும் தொடங்கினார். ஆனால் எவர் முதுகில் அத்தொழில் பிறந்ததோ, அவர் இனத்து மாணவர்க்கு அப்பள்ளியின் கதவு நெடுங்காலம் அடைத்தே கிடந்தது.

நம் வரலாறும் இதுவன்றோ? ஊரார் வீட்டுப் பிள்ளைப்பேற்றுக்கு நம் பாட்டிமார் கைகள் வேண்டியிருந்தன. பிள்ளை பிறந்தபின் அக்கைகளே தீட்டாயின. அவர்களிடம் திறன் இருந்தது. அத்திறனுக்குச் சான்றிதழ் இல்லை.

உரிமம் இன்றித் தொழில் செய்ததற்காக 1906இல் பால்மரே சிறை சென்றார். 1913இல் கன்சாஸ் மாநிலம் முதன்முதல் உரிமச் சட்டம் இயற்றிற்று. இறுதியாக 1974இல் லூசியானா இயற்றிற்று. கைத்தொழில் ஒன்று சட்டத்தின் முன் தலைநிமிர அறுபது ஆண்டுகளுக்கு மேல் ஆயின.

இன்று அங்கே உரிமம் பெறுவது எளிதன்று. முதலில் ஏறத்தாழ மூன்றாண்டுக் கல்லூரிப் படிப்புக்கு ஈடான 90 மதிப்பலகுகள் வேண்டும். அதன்பின், ஏற்பு பெற்ற கல்லூரியில் குறைந்தது 4,200 மணி நேரப் பயிற்சி கொண்ட பட்டப்படிப்பு. அடுத்து, 1963இல் நிறுவப்பெற்ற தேசியத் தேர்வு வாரியத்தின் நான்கு பகுதித் தேர்வுகள். முதற்பகுதியில் உடற்கூறு, முதுகெலும்புக் கூறு, உடலியங்கியல், வேதியியல், நோய்க்குறியியல், நுண்ணுயிரியல் ஆகிய ஆறு பாடங்கள். இரண்டாம் பகுதி நோயறிதல் முதலிய மருத்துவப் பாடங்கள். மூன்றாம் பகுதி அவற்றை நோயாளியிடம் பயன்படுத்தும் அறிவைச் சோதிப்பது. நான்காம் பகுதி செய்முறைத் தேர்வு. இறுதியில் தொழில் செய்ய விரும்பும் மாநிலத்தின் வாரியமே உரிமம் வழங்கும். உரிமம் பெற்றபின்னும் தொடர்கல்வி உண்டு.

பெரும்பாலான நோய்களுக்கு முதுகெலும்பே காரணம் என்ற பால்மரின் கொள்கையை அறிவியல் ஏற்கவில்லை. முதுகுவலி போன்றவற்றிற்கு ஓரளவு பயன் உண்டு என்பதே ஆய்வு ஒப்புவது. எனவே எவர் சொன்னாலும் ஆராய்ந்தே ஏற்க வேண்டும் என்பதும் ஒரு பாடம்.

இளைஞர்களே! நீங்கள் அமெரிக்கா செல்ல வேண்டும் என்று இதனைக் கூறவில்லை. செவிலியம், இயன்முறை மருத்துவம், மருந்தியல் என்று எத்துறையை நாடினும், அறிவியலே அதன் வாயிற்படி. வேதியியலும் உயிரியலும் கடினம் என்று பத்தாம் வகுப்போடு நம் பிள்ளைகள் ஒதுங்குவதைத் தலைமையாசிரியர் இருக்கையிலிருந்து கண்டு நாம் வருந்தியதுண்டு. அந்த அச்சம் பல கதவுகளை ஒரே நாளில் அடைத்துவிடுகிறது.

பாட்டிமார் கைகள் திண்ணைக்கு வெளியே நின்றன. பேரப்பிள்ளைகளின் கைகள் உரிமத்தோடு உள்ளே செல்லட்டும். அதற்கு ஒவ்வோர் இல்லத்திலும் மாலையில் ஒரு விளக்கும் ஒரு புத்தகமும் இருக்கட்டும் என வேண்டி அமைகிறோம்.