கணக்குக்கு ஓர் ஆசிரியர்



சென்ற ஆண்டு ஆனி மாதத்தில் ஒரு மாலை, எங்கள் தெருக்கோடியில் தையற்கடை வைத்திருக்கும் நண்பர் தம் மகளை அழைத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார். பெண் அப்பொழுதுதான் பதினொன்றாம் வகுப்பில் சேர்ந்திருந்தாள். கணிதம், இயற்பியல், வேதியியல் ஆகியவை அடங்கிய பிரிவு. பத்தாம் வகுப்புவரை ஒருவாறு சமாளித்துவிட்டவளுக்கு இப்போது கணக்குப் புத்தகத்தைத் திறந்தாலே கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டாற்போல் இருக்கிறதாம்.

“ஐயா, நீங்கள் முப்பது ஆண்டு கணக்கு வாத்தியாராக இருந்தவர்கள். கணக்குக்கும் சயன்சுக்கும் தகுதியான டியூஷன் வாத்தியார் ஒருவரைச் சொல்லுங்கள். பணத்தைப் பற்றிக் கவலை இல்லை” என்றார் நண்பர்.

அவர் அப்படிச் சொன்னபோது அந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டாள். கவலை உண்டு என்பது அவளுக்குத் தெரியும்.

“என்னிடமே அனுப்புங்கள்” என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வயது இடங்கொடுப்பதில்லை, கண்ணும் மங்கிவிட்டது. அவற்றைத் தவிர வேறு ஒரு காரணமும் உண்டு. அதைப் பிறகு சொல்கிறேன். அன்று அந்தத் தந்தைக்கும் மகளுக்கும் எடுத்துச் சொன்னவற்றையே இன்று உங்களுக்கும் சொல்ல எண்ணுகிறேன். ஆசிரியரைத் தேடுபவர் பெற்றோராயினும், அவர் முன்னால் நாள்தோறும் உட்காரப்போகிறவர்கள் நீங்கள் அல்லவா?

‘தகுதியான’ என்று நண்பர் சொன்னாரே, அந்தச் சொல்லை முதலில் எடுத்துக்கொள்வோம். பள்ளியில் கற்பிப்பவருக்குத் தகுதி இன்னதென்று சட்டம் வகுத்திருக்கிறது. எட்டாம் வகுப்புவரை கற்பிக்கப் புதிதாக வருவோர்க்கு 2010 முதல் ஆசிரியர் தகுதித் தேர்வு ஏற்பட்டிருக்கிறது. மேல்நிலை வகுப்புக்கு வருவோர் அந்தந்தப் பாடத்தில் முதுகலைப் பட்டமும், அதற்கு மேல் கல்வியியல் பட்டமும் பெற்றிருக்க வேண்டும். வீட்டுக்கு வந்து ஒரு பிள்ளைக்குப் பாடம் சொல்லுபவரிடமோ எந்த உரிமச் சீட்டையும் கேட்பார் இல்லை. 2024 சனவரியில் மத்தியக் கல்வி அமைச்சகம் பயிற்சி மையங்களுக்கென்று சில வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. பட்டம் பெறாதவரை ஆசிரியராக அமர்த்தலாகாது, இத்தனை மதிப்பெண் வாங்கித் தருவோம் என்று உறுதி கூறலாகாது என்பன அவற்றுள் சில. ஆனால் அவை ஐம்பது பேருக்கு மேல் பயிலும் மையங்களை நோக்கி எழுதப்பட்டவை. மாடியறையில் பத்துப் பிள்ளைகளை வைத்து நடத்துபவர் அவற்றுள் அடங்கமாட்டார்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். உங்கள் பள்ளி ஆசிரியரே மாலையில் கட்டணம் வாங்கிக்கொண்டு பாடம் சொன்னால் நல்லதுதானே என்று சிலர் கேட்கிறார்கள். 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் தன் 28-ஆம் பிரிவில், ஆசிரியர் எவரும் தனிப்பயிற்சியில் ஈடுபடலாகாது என்று கூறுகிறது. காரணம் எளிது. காலையில் வகுப்பில் சொல்லவேண்டியதை மாலைக் கட்டணத்துக்கென்று ஒதுக்கி வைக்கும் ஆசை எவருக்கும் வரக்கூடாது. ஆகவே வகுப்பு ஆசிரியரிடம் ஐயம் கேட்கும் உரிமை உங்களுக்குக் கட்டணமின்றியே உண்டு. அந்த உரிமையைப் பயன்படுத்தாமலே டியூஷன் தேடப் புறப்படுபவர் மிகப் பலர்.

ஆக, தனிப்பாட ஆசிரியரின் தகுதியை நாமே அளந்தறிய வேண்டியிருக்கிறது. எதைக்கொண்டு அளப்பது? பட்டத்தைக் கொண்டா?

நம் கணித மேதை இராமானுசனைப் பாருங்கள். கும்பகோணத்தில் அவர் வீட்டில் தங்கியிருந்த இரண்டு கல்லூரி மாணவர்களே அவருக்கு முதலில் தனிப்பாடம் சொன்னவர்கள் எனலாம். அவர்கள் அறிந்த கணக்கையெல்லாம் சிறுவன் விரைவில் கற்றுத் தீர்த்துவிட்டான். பின்னர் 1903-இல், பதினாறாம் வயதில், கார் என்பவர் தொகுத்த கணிதச் சுருக்க நூல் ஒன்று அவர் கைக்கு வந்தது. அதுவே அவருடைய மேதையைத் தட்டி எழுப்பியது என்பர். அந்தக் கார் யார் தெரியுமா? இலண்டனில் மாணவர்களைத் தேர்வுக்குப் பயிற்றுவித்த தனிப்பாட ஆசிரியர். கணித உலகில் பெரும் பெயர் எடுத்தவர் அல்லர். தம்மிடம் பயின்றவர்களுக்காக எழுதி வைத்த குறிப்புகளையே நூலாக்கினார்.

இனிக் கதையின் மறுபக்கம். கல்லூரித் தேர்வில் தேறாது வறுமையில் வாடிய காலத்தில் இராமானுசனும் தனிப்பாடம் சொல்ல முயன்றார். வகைநுண்கணிதம் கற்க வந்த மாணவர் ஒருவர் இரண்டே வாரத்தில் நின்றுவிட்டாராம். இராமானுசன் முடிவிலாப் பெரியதையும் முடிவிலாச் சிறியதையும் பற்றியே பேசிக்கொண்டிருந்தார். மாணவருக்கோ எதிரே தேர்வு நின்றது. உலகம் வியந்த மேதையும் அந்த ஒரு மாணவருக்கு ஏற்ற ஆசிரியராக அமையவில்லை. இதைச் சொல்வதால் அவருடைய பெருமைக்கு யாதொரு குறைவும் இல்லை.

இப்போது என் காரணத்துக்கு வருகிறேன்.

1974-இல் நான் சென்னையில் எம்.எஸ்ஸி. கணிதம் படித்துக்கொண்டிருந்தேன். கைச்செலவுக்காக, எஸ்.எஸ்.எல்.சி. வகுப்பில் இருந்த ஒரு பையனுக்குப் பாடம் சொல்ல ஒப்புக்கொண்டேன். அவன் தந்தை ஓர் அச்சகத்தில் எழுத்துக் கோப்பவர். மாதம் நாற்பது ரூபாய். அந்த வீட்டுக்கு அது பெரிய தொகை. நான் நாள்தோறும் ஆறரை மணிக்குச் செல்வேன். கரும்பலகை ஒன்று வாங்கி வைத்திருந்தார்கள். பையன் கணக்கைப் படிப்பான். நான் எழுந்து போடுவேன். ஒரு வழியில் போட்டு, “இதையே இன்னொரு விதமாகவும் செய்யலாம்” என்று மறுபடி போடுவேன். அடிகள் முத்துக் கோத்தாற்போல் இறங்கும். “புரிந்ததா?” என்பேன். “புரிந்தது சார்” என்பான். அவன் தாயார் காப்பி கொண்டுவந்து வைத்துவிட்டு, கரும்பலகையைச் சற்று நேரம் பார்த்துவிட்டுப் போவார். எனக்கு அதில் மிகுந்த பெருமை.

பங்குனியில் தேர்வு நடந்தது. பையன் கணக்கில் தேறவில்லை.

முடிவு வெளியான மறுநாள் அவன் தந்தை என் அறைக்கு வந்தார். கடைசி மாதச் சம்பளம் பாக்கி இருந்தது. மை படிந்த விரல்களால் நான்கு பத்து ரூபாய்த் தாள்களை எண்ணிக் கொடுத்தார். “நீங்கள் என்ன செய்வீர்கள் தம்பி! நன்றாகத்தான் சொல்லிக்கொடுத்தீர்கள். அவன் மண்டையில் ஏறவில்லை” என்றார். நான் அந்தப் பணத்தை வாங்கிக்கொண்டேன்.

அவனுடைய கணக்கு நோட்டு ஒன்று என் பையில் தங்கிவிட்டிருந்தது. சில நாள் கழித்து அதைப் புரட்டினேன். முன்பக்கங்களில் நான் கரும்பலகையில் எழுதியவையெல்லாம் அழகாகப் பிரதி எடுக்கப்பட்டிருந்தன. பின்பக்கங்களில் அவன் தானாகப் போட்டுப் பார்த்தவை இருந்தன. அவற்றில் ஏறக்குறைய எல்லா இடத்திலும் ஒரே தவறு. a கூட்டல் b என்பதன் வர்க்கத்துக்கு, a வர்க்கம் கூட்டல் b வர்க்கம் என்று எழுதியிருந்தான். எட்டு மாதம் அவன் எதிரே உட்கார்ந்திருந்த நான் அந்தப் பின்பக்கத்தை ஒரு நாளும் திருப்பிப் பார்த்ததில்லை. பையன் அந்தப் புரட்டாசித் தேர்வையும் எழுதவில்லை. தந்தையுடன் அச்சகத்துக்கே போய்விட்டான்.

அந்தத் தவற்றைத் தீர்க்க எவ்வளவு நேரம் ஆகும்? கால்மணி. a-க்கு மூன்றும் b-க்கு இரண்டும் போடச் சொல்லவேண்டும். கூட்டினால் ஐந்து, அதன் வர்க்கம் இருபத்தைந்து. அவன் வழியில் ஒன்பதும் நான்கும் பதின்மூன்று. பன்னிரண்டு எங்கே போயிற்று? ஐந்து கட்டம் நீளமும் ஐந்து கட்டம் அகலமும் உள்ள சதுரம் ஒன்றை அவனையே வரையச் சொல்லவேண்டும். ஒரு மூலையில் மூன்றுக்கு மூன்று, எதிர்மூலையில் இரண்டுக்கு இரண்டு. மிச்சம் நிற்பவை மூன்றுக்கு இரண்டாக இரு நீண்ட சதுரங்கள். ஆறும் ஆறும் பன்னிரண்டு! காணாமற்போன பன்னிரண்டு அங்கே கண்ணெதிரே இருக்கிறது. 2ab என்பதை அதன் பிறகு அவன் ஆயுளுக்கும் மறக்கமாட்டான். பின்னாளில் என் வகுப்புப் பிள்ளைகள் எல்லோரும் இந்தச் சதுரத்தை வரைந்தார்கள். அதை வரையவேண்டியிருந்த ஒருவன் மட்டும் வரையவில்லை.

ஆகையால் தையற்கடை நண்பரின் மகளுக்கு நான் சொன்னது இது: “அம்மா, ஆசிரியரைப் பார்க்கப் போகும்போது நீ சரியாகச் செய்த கணக்கைக் கொண்டுபோகாதே. தவறாகச் செய்த கணக்கைக் கொண்டுபோ. அடித்தல் திருத்தலோடு அப்படியே கொண்டுபோ. அதை அவர் கையில் கொடுத்துவிட்டு, முதல் ஐந்து நிமிடம் எழுதுகோல் யார் கையில் இருக்கிறது என்று மட்டும் பார்.”

எழுதுகோலை அவர் வாங்கிக்கொண்டு, உன் கணக்கை ஒரு கோட்டால் அடித்துவிட்டு, சரியானதை மளமளவென்று எழுதினால், அவர் 1974-இல் இருந்த நான். “இந்த மூன்றாவது அடி எப்படி வந்தது? நீ நினைத்ததைச் சொல்” என்று கேட்டுவிட்டுப் பொறுத்திருந்தால், அவரிடம் ஒரு மாதம் போய்ப் பார்க்கலாம்.

சோதனைப் பாடம் கேட்பது மரியாதைக் குறைவாகாதா என்று நண்பர் தயங்கினார். 1902 பிப்ரவரியில் சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரச் செய்தித்தாளில் ஓர் இளைஞர் விளம்பரம் கொடுத்தார். கணிதத்திலும் இயற்பியலிலும் தனிப்பாடம் சொல்லித் தரப்படும். சோதனைப் பாடத்துக்குக் கட்டணம் இல்லை. அந்த இளைஞரின் பெயர் ஆல்பர்ட் ஐன்ஸ்டைன். அவருக்கு இல்லாத கூச்சம் நம்மூர் ஆசிரியருக்கு ஏன் வரவேண்டும்?

விஞ்ஞானப் பாடங்களுக்கும் இதே முறைதான். ஆனால் பார்க்கவேண்டியது சற்று வேறு. மணிக்கு இத்தனை கிலோமீட்டர் என்ற வேகத்தை நொடிக்கு இத்தனை மீட்டர் என்று மாற்ற, பதினெட்டில் ஐந்தால் பெருக்கு என்று எல்லாப் பிள்ளைகளும் மனப்பாடமாகச் சொல்கிறார்கள். அந்த ஐந்தும் பதினெட்டும் எங்கிருந்து வந்தன என்று ஆசிரியரைக் கேளுங்கள். ஆயிரம் மீட்டரையும் மூவாயிரத்து அறுநூறு நொடியையும் எடுத்து உங்களையே சுருக்கச் சொல்பவர் நல்லவர். “அது சூத்திரம், அப்படியே வைத்துக்கொள்” என்பவரிடம் உங்களுக்கு வேலை இல்லை. இரும்பாணி மூழ்க, இரும்புக் கப்பல் மிதப்பது ஏன் என்று கேளுங்கள். சமையலறையிலிருந்து ஒரு வாளித் தண்ணீரும் எவர்சில்வர் கிண்ணமும் கொண்டுவரச் சொல்லி, கிண்ணத்தை மிதக்கவிட்டு, பிறகு சாய்த்து மூழ்கடித்து, “எடை மாறவில்லையே, என்ன மாறிற்று?” என்று உங்களையே திருப்பிக் கேட்பவர் கிடைத்தால் விடாதீர்கள். அத்தகையவர் எதற்கேனும் “எனக்குத் தெரியவில்லை, பார்த்து நாளைக்குச் சொல்கிறேன்” என்றாலும் அஞ்சவேண்டாம். மறுநாள் சொல்கிறாரா என்று மட்டும் கவனியுங்கள்.

கணிதம், இயற்பியல், வேதியியல் மூன்றையும் தாம் ஒருவரே மேல்நிலை வகுப்புக்கு எடுப்பதாகச் சொல்பவர் உண்டு. பத்தாம் வகுப்புவரை அது நடக்கும். அதற்கு மேல், அவர் எந்தப் பாடத்தில் பட்டம் பெற்றார் என்று தயங்காமல் கேட்டு, அந்தப் பாடத்துக்கு மட்டும் அவரை வைத்துக்கொள்வது பணத்துக்கும் நல்லது, படிப்புக்கும் நல்லது. ஒன்பது, பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பெரிய பட்டதாரி வேண்டும் என்பதும் இல்லை. அடுத்த தெருவில் பி.எஸ்ஸி. படிக்கும் பெண் போதும். நீங்கள் தடுக்கி விழும் கல்லில் அவளும் நான்கு ஆண்டுக்கு முன்புதான் விழுந்து எழுந்திருப்பாள். அந்த நினைவு எனக்கு இப்போது இல்லை.

கட்டணத்தை முதல் நாளே பேசிக்கொள்ளவேண்டும். மாதா மாதம் கொடுக்கவேண்டும். ஆண்டு முழுமைக்கும் முன்பணம் கேட்பவரைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடலாம். பாடம் கூடத்தில், வீட்டார் நடமாடும் இடத்தில் நடக்கட்டும். கைப்பேசித் திரையின் வழியே நடந்தாலும் அப்படியே.

சென்ற மாதம் நண்பர் மறுபடி வந்திருந்தார். முதலில் பார்த்த இருவரும் எழுதுகோலை வாங்கிக்கொண்டார்களாம். மூன்றாவதாக, ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் அமைந்திருக்கிறார். ஆனால் நண்பருக்கு மனக்குறை. “பத்து நாளாகப் பின்னத்தையே போட்டுக்கொண்டிருக்கிறார்கள் ஐயா! கீழ்எண்ணைச் சமமாக்குவது, கூட்டுவது, கழிப்பது. பதினொன்றாம் வகுப்புப் பெண்ணுக்கு ஐந்தாம் வகுப்புக் கணக்கா? இதற்கா பணம் கொடுக்கிறேன்?” என்றார்.

“எழுதுகோல் யார் கையில் இருக்கிறது?” என்று கேட்டேன்.

“இவள் கையில்தான். அந்த அம்மாள் பாட்டுக்குக் கீரை ஆய்ந்துகொண்டு கேட்டுக்கொண்டிருக்கிறார்.”

இந்த மாதச் சம்பளத்தை ஒரு நாள் முன்னதாகவே கொடுத்துவிடும்படி சொல்லி அனுப்பினேன்.