ஏழாம் அதிகாரத்து மனிதன்



இம்மாநாட்டின் அக்கிராசனத்தில் அமருமாறு நீங்கள் என்னைப் பணித்தது எனக்குக் கிடைத்த பெருங்கௌரவம். ஆயினும், ரோமர் நிருபத்தை வாழ்நாளெல்லாம் ஓதி நரைத்த அறிஞர் பலர் எதிரே வீற்றிருக்கையில், அதே நிருபத்தைப் பற்றி முதற்சொல் சொல்ல எழுந்து நிற்பவனுக்கு உள்ளூர ஓர் அச்சம் தோன்றுவது இயல்பே. உங்கள் அன்பை நம்பியே பேசத் துணிகிறேன்.

பாவத்தின் வல்லமையினின்று கிறிஸ்தவன் பெறும் விடுதலை என்பது நாம் ஆராய எடுத்துக்கொண்ட பொருள். பாவத்தின் குற்றம் நீங்குவது வேறு, பாவத்தின் ஆளுகை நீங்குவது வேறு என்பதையும், முன்னதை நீதிமானாக்கப்படுதல் என்றும் பின்னதைப் பரிசுத்தமாக்கப்படுதல் என்றும் நம் முன்னோர் பிரித்தோதினர் என்பதையும் இச்சபையில் நான் விளக்க வேண்டுவதில்லை. 1520-இல் லூதர் எழுதிய கிறிஸ்தவ சுயாதீனம் பற்றிய நூலையும், 1766-இல் வெஸ்லி வெளியிட்ட கிறிஸ்தவ பூரணம் பற்றிய நூலையும் குறித்து என்னிலும் தகுதியுடையோர் கட்டுரை படிக்க இருக்கின்றனர். ஆதலின், நெடுநாளாக என் மனத்தைவிட்டு அகலாத ஒரு வினாவையே உங்கள்முன் வைக்கிறேன். ரோமர் ஏழாம் அதிகாரத்தில், விரும்புகிற நன்மையைச் செய்யமாட்டாமல், வெறுக்கிற தீமையையே செய்து, தன் நிர்ப்பந்தத்தை நொந்து அலறுகிற அம்மனிதன் யார்?

நம் பிரசங்க பீடங்களில் பெரும்பாலும் கேட்கிற விடை, அவன் பவுலே, அதாவது மறுபிறப்படைந்த விசுவாசியே என்பதாகும். 1515-16-இல் விற்றன்பர்க்கில் லூதர் நிகழ்த்தி, 1908 வரை அச்சேறாமல் கிடந்த விரிவுரைகளும் இதையே கூறுகின்றன. அம்மகானுக்கு இது ஓயாத மனந்திரும்புதலின் தூண்டுகோலாயிற்று என்பதில் ஐயமில்லை. ஆனால், அவருடைய கண்ணீர் இல்லாமல் அவருடைய வியாக்கியானத்தை மட்டும் பெற்றுக்கொண்டவர்கள், அதனைத் தங்கள் தோல்விக்குச் சாக்காக்கிக்கொள்வதை நாம் காணவில்லையா? அப்போஸ்தலனாலேயே இயலவில்லை, நம்மால் எப்படி இயலும் என்று சொல்லிப் பழகிய சபைக்கு, பாவத்தினின்று விடுதலையைக் கூறும் ஆறாம் அதிகாரம் வெறும் அலங்காரமாகிவிடுகிறது.

இவ்விடத்தில்தான், நம் கல்லூரிகளில் பெயர் மட்டும் அறியப்பட்டு ஏடு புரட்டப்படாத ஒரு நூலை நினைவூட்ட விரும்புகிறேன். ஆம்ஸ்டர்டாம் நகரத்துப் போதகராயிருந்த ஆர்மினியஸ், 1591-இல் இவ்வதிகாரத்தைப் பிரசங்கித்தபோது, இங்கே பேசுகிறவன் கிருபைக்குட்பட்டவன் அல்லன், நியாயப்பிரமாணத்தினால் உணர்த்தப்பட்டும் இன்னும் விடுவிக்கப்படாதவன் என்று போதித்தார். உடன்போதகரான பிளான்சியஸ் முதலியோர் அவர்மீது, மனிதன் தன் பலத்தால் பாவத்தை வெல்லலாம் என்னும் பெலாஜியக் கொள்கையுடையவர் என்ற குற்றம் சுமத்தினர். அதற்கு விடையாக விரிந்த அவருடைய ஆராய்ச்சி, 1609-இல் அவர் மறைந்த பின்னரே அச்சாயிற்று. 1618-இல் கூடிய டோர்ட் மாநாட்டின் முன்குறிப்பு வழக்கு ஒன்றினாலேயே அவரை அறிகிற நாம், அவருடைய வாதங்களில் மிகவும் பக்தி வாய்ந்த இதனை மறந்துவிட்டோம்.

அந்நூல் நிலைநாட்டுவன பல. இரண்டை மட்டும் கூறுகிறேன். முதலாவது, இவ்வியாக்கியானம் பெலாஜியரின் சொத்தன்று; அவர்களுக்கு முற்பட்ட சபைப் பிதாக்கள் பலர் கைக்கொண்டது. அகஸ்தீனும் தம் முற்கால ரோமர் விளக்கத்தில் அம்மனிதனை நியாயப்பிரமாணத்தின் கீழிருப்பவனாகவே கொண்டு, பெலாஜியரோடு போராடிய காலத்திலேயே கருத்தை மாற்றினார். இரண்டாவது, அவ்வாறு மாற்றிய பின்னரும், விசுவாசி விரும்பாமல் செய்யும் தீமை என்று அவர் கொண்டது உள்ளத்தில் எழும் இச்சையையே. அவ்விச்சைக்கு இணங்கிச் செய்யும் பாவச் செயலை அன்று. பிற்காலத்தார் இவ்வரம்பைக் கடந்துவிட்டு, அகஸ்தீனின் பெயரால் அகஸ்தீன் சொல்லாததைச் சொல்லலாயினர்.

சில ஆண்டுகளுக்கு முன், இதே கருத்தை நான் எழுதியபோது, என் மதிப்பிற்குரிய நண்பர் ஒருவர் அதிலும் பெலாஜிய வாடை வீசுவதாகக் கண்டித்தார். அவருடைய புலமையை நான் போற்றுகிறேன். ஆயினும், மனிதன் தன் பலத்தால் பாவத்தை வெல்லலாம் என்பதல்லவோ பெலாஜியம்? நியாயப்பிரமாணத்தை அறிந்தும், அதில் பிரியம் வைத்தும், ஓர் அடியும் எடுத்துவைக்க மாட்டாமல் வீழ்கிறவனையே ஏழாம் அதிகாரத்தில் காண்கிற நாம், மனித பலத்தை எங்கே உயர்த்தினோம்?

எதிர்த்தரப்பாரின் நியாயங்களை நான் அற்பமாக எண்ணவில்லை. பவுல் நிகழ்காலத்தில் பேசுகிறார் என்பதும், உள்ளான மனிதன் தேவனுடைய பிரமாணத்தில் மகிழ்வதாகச் சொல்கிறார் என்பதும் மெய்யே. ஆனால், மூன்று அதிகாரங்களையும் சேர்த்து வாசியுங்கள்: ஆறாம் அதிகாரம் 18-ஆம் வசனத்தில் பாவத்தினின்று விடுதலையானவன், ஏழாம் அதிகாரம் 14-ஆம் வசனத்தில் பாவத்துக்கு விற்கப்பட்டவனாகவும், எட்டாம் அதிகாரம் 2-ஆம் வசனத்தில் மறுபடியும் விடுதலையானவனாகவும் ஒருங்கே இருத்தல் எங்ஙனம்? 1929-இல் ஜெர்மானிய அறிஞர் கியூமெல், 'நான்' என்று பவுல் பேசுவது தம் சரிதத்தை அன்று, நியாயப்பிரமாணத்தின் கீழுள்ள மனித குலத்தின் நிலையையே என்று காட்டிய பின்னர், சுயசரித வாதமும் தன் பலத்தை இழந்துவிட்டது.

விசுவாசிக்குப் போராட்டம் இல்லை என்று நான் சொல்லவில்லை. கலாத்தியர் ஐந்தாம் அதிகாரம் அதனைக் கூறுகிறது, ஆவிக்கேற்றபடி நடக்கிறவனுக்கு வெற்றியையும் அங்கேயே வாக்களிக்கிறது. சாவுக்கேதுவான சரீரத்தில் பாவம் ஆளாதிருக்கட்டும் என்ற கட்டளை, பாவமே அற்றுப்போனவனுக்குத் தேவையில்லை. பாவத்தின் சிங்காசனம் இன்னும் கவிழாதவனுக்கோ கைகூடாது. ஆட்சி கவிழ்ந்தும் கலகம் ஓயாத தேசத்தில் வாழ்கிறவனுக்கே அது பொருந்தும்.

சகோதரர்களே, இம்மாநாட்டிடம் நான் வேண்டுவன இரண்டு. ரோமர் ஆறு, ஏழு, எட்டு ஆகிய அதிகாரங்களைத் துண்டாடாமல் ஒரே பாடமாக மாணவர்க்குப் போதியுங்கள். ஆர்மினியஸின் நூலை வாசித்துவிட்டு, அதன்பின் மறுக்க வேண்டுமாயின் மறுங்கள். ஏழாம் அதிகாரத்து அலறல் கிறிஸ்தவ வாழ்வின் சித்திரம் அன்று; கிறிஸ்து மீட்டெடுத்த பழைய அடிமைத்தனத்தின் சித்திரம் என்பதே என் துணிபு.