டில்லிக்கு வந்த கிராமம்



அருங்காட்சியகம் என்றதும் எது நினைவுக்கு வரும்? ராஜாவின் வாள், கிரீடம். டில்லியில் வேறு மாதிரி ஒன்று இருக்கிறது. அங்கே குயவர் செய்த பானைக்கும், தறியில் நெய்த சேலைக்கும்தான் மரியாதை. தேசியக் கைவினை அருங்காட்சியகம் என்று பெயர். 1956-ல் தொடங்கியது. பழைய நல்ல மாதிரிகளைப் பார்த்து இன்றைய கைவினைஞர் கற்றுக்கொள்ளட்டும். அதற்காகத்தான் பொருள்களைச் சேர்த்தார்கள்.

1972-ல் டில்லியில் பெரிய கண்காட்சி நடந்தது. அதற்காகப் பல மாநிலத்துக் கிராம வீடுகளைக் கட்டினார்கள். கண்காட்சி முடிந்தது. வீடுகளை இடிக்கவில்லை. அவை அருங்காட்சியகத்தோடு சேர்ந்துவிட்டன.

நம் நீலகிரித் தோடர் குடிசையும் அங்கே உண்டு. தோடர்கள் எருமை வளர்ப்பவர்கள். பீப்பாயைப் பாதியாக அறுத்துக் கவிழ்த்தது போல இருக்கும் அவர்கள் வீடு. வாசல் மிகச் சிறியது. தவழ்ந்துதான் போகவேண்டும். மலைக் குளிர் உள்ளே வராது. நிக்கோபார் தீவு வீடோ கால்கள் மேல் நிற்கிறது. அந்தந்த ஊர்க் காற்றும் மழையும் சொன்னபடி மக்கள் கட்டினார்கள். படித்த இன்ஜினியர் யாரும் வரவில்லை!

கைவினைஞர்களை ஊரிலிருந்து வரவழைப்பதும் இதன் வழக்கம். பார்ப்பவர் எதிரிலேயே செய்வார்கள். அங்கேயே விற்பார்கள். நடுவில் தரகர் இல்லை.

அப்படி வந்தவர்தான் கங்காதேவி. பீகார் மாநிலம், மிதிலைப் பகுதிப் பெண். அங்கே கல்யாணம் என்றால், மணமக்கள் அறையின் சுவரில் பெண்கள் தாமரையும் மூங்கிலும் வரைவார்கள். அதற்குக் 'கோபர்' என்று பெயர். கங்காதேவியின் கோடு முடி போல மெலிதாக ஓடும். 1984-ல் அவருக்குப் பத்மஸ்ரீ பட்டம் கிடைத்தது. பிறகு புற்றுநோய் வந்தது. டில்லியில் சிகிச்சை நடந்தது. அந்த வேதனையோடு அருங்காட்சியகத்தில் ஓர் அறை முழுக்கக் கோபர் வரைந்தார். 1991-ல் காலமானார்.

2015-ல் அங்கே மராமத்து வேலை நடந்தது. அந்தச் சுவர்ச் சித்திரம் அழிக்கப்பட்டது! செய்தி வெளியானதும் கலைஞர்கள் கொதித்தார்கள். ராஜா வாள் என்றால் இப்படிக் கை வைப்பார்களா?

மிதிலை வீடுகளில் கோபர் சுவர் அழிவது புதிதல்ல. அடுத்த கல்யாணத்துக்குச் சுவரை மெழுகி, மறுபடி வரைவார்கள். டில்லிச் சுவரை மறுபடி வரையக் கங்காதேவி இல்லை. புகைப்படங்கள் மட்டும் இருக்கின்றன.

டில்லிக்குப் போகிறவர்கள் பழைய கோட்டைக்குப் பக்கத்தில் இந்த இடத்தைக் கேளுங்கள். திங்கட்கிழமை விடுமுறை.