கடலடியில் கேட்காத குரல்



பழைய ராணுவ விமானங்களின் பழுதைப் பற்றிப் பேச நெய்வேலிதான் சரியான இடம். இரும்புக்கு வயதாவதை இந்த ஊர் தினமும் பார்க்கிறது. சுரங்கத்தில் திருப்புளியின் நுனியைப் பேரிங் கூட்டில் வைத்து, பிடியைக் காதில் அழுத்தி, "கரகரங்குது, இந்த வாரம் தாங்காது" என்று சொல்லிவிடும் ஃபிட்டர்கள் வாழும் ஊர் இது. பறக்கிற விமானத்தில் அப்படிக் காது வைக்க முடியாது. தரையில் நிற்கும்போதே கேட்டுவிட வேண்டும்.

கேட்காமல் விட்டதற்கு எச்.பி.டி-32 தீபக் சாட்சி. தாம்பரத்துப் பயிற்சிப் பள்ளியிலும் பறந்த, ஒற்றை எஞ்சின் பயிற்சி விமானம். நடுவானில் எஞ்சின் நின்றால் வேகமாகக் கீழிறங்கும். இறங்க இடம் தேடவும் நேரம் தராது. 17 விபத்துகளில் 19 விமானிகள் மாண்டார்கள். 2009 ஜூலையில் மேடக் மாவட்டத்தில் இரண்டு பயிற்றுநர்கள் இறந்த பிறகுதான் அது தரையில் நிறுத்தப்பட்டது. எஞ்சின் நிற்கிறது என்பது முன்பே தெரிந்த செய்தி. அதை நினைத்தால் இன்றும் மனம் ஆறவில்லை.

என்னை அதிகம் உறுத்துவது வேறொன்று: கடலில் விழுந்த இரண்டு விமானங்களின் கதை. 2015 ஜூன் 8 இரவு கடலோரக் காவல்படையின் டோர்னியர் ஒன்று மூன்று பேருடன் மறைந்தது. அது பழைய விமானமல்ல. அதிலிருந்த ஒலிக்கருவி கடலடியிலிருந்து துடித்துக்கொண்டே இருந்தது. சிந்துத்வஜ் நீர்மூழ்கி அந்தத் துடிப்பைப் பிடித்தது. ஏறத்தாழ ஒரு மாதத்தில், நம் கடலூர்க் கடலில், ஒரு கிலோமீட்டருக்குச் சற்றே குறைந்த ஆழத்தில் சிதைவும் பதிவுக்கருவியும் கிடைத்தன.

அடுத்த ஆண்டு ஜூலை 22. தாம்பரத்திலிருந்து போர்ட் பிளேருக்கு 29 பேருடன் கிளம்பிய விமானப்படையின் ஏ.என்-32 போய்ச் சேரவில்லை. 1980-களில் படையில் சேர்ந்த விமான வகை. நீருக்கடியில் ஒலி எழுப்பும் கருவி அதில் இல்லை. கப்பலும் விமானமும் நீர்மூழ்கியும் தேடின. சென்னைத் தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனத்தின் ஆளில்லா நீர்மூழ்கி வாகனம் 3,400 மீட்டர் ஆழத்தில் எடுத்த படங்களை வைத்து, இதுதான் அந்த விமானம் என்று 2024 ஜனவரியில்தான் அறிவித்தார்கள். ஏழரை ஆண்டுகள்! விழுந்த காரணத்தை அந்தப் படங்கள் சொல்லவில்லை.

பழுது வராத இயந்திரம் கிடையாது. ஆனால் ஏன் விழுந்தது என்பதே தெரியாமல் போனால், அதே வகை விமானத்தில் நாளை ஏறும் பையனுக்கு நாம் என்ன பதில் சொல்வோம்? புதிய எஞ்சினுக்குச் செலவிடுவதற்கு முன், பழைய விமானம் ஒவ்வொன்றிலும் அந்தச் சிறிய ஒலிக்கருவி இருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

இந்த அரங்கில் கட்டுரை வாசிக்கப்போகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். 'விமானியின் தவறு' என்று எழுதுமுன் உடைந்த உறுப்பு எது, எத்தனை மணி நேரம் ஓடியது, கடைசியாகப் பிரித்துப் பார்த்தது எப்போது என்ற மூன்றையும் எழுதுங்கள். முதல் கட்டுரையாளர் மேடைக்கு வரலாம்.