நரைமுடியும் ஐம்படைத்தாலியும்



பண்பும் துணிவும் அகவையை எண்ணி வருவனவா? இவ்வினாவோடு புறநானூற்றுக்குள் நுழைகிறேன். தலையாலங்கானத்துச் செருவென்ற பாண்டியன் நெடுஞ்செழியன் இளமையிலேயே அரசேற்றவன். சிறுவன் என எள்ளி, வேந்தர் இருவரும் வேளிர் முதலிய ஐவருமாக எழுவர் எதிர்த்தனர், எழுவரையும் வென்றான். போர்க்கு முன் அவன் கூறிய வஞ்சினம் 72ஆம் பாடல். வெல்லாவிடில் குடிமக்களின் பழியும், மாங்குடி மருதன் முதலிய புலவர்கள் தன் நாட்டைப் பாடாது விடுதலும், இரப்போர்க்கு ஈய இயலாத வறுமையும் தன்னை அடைக என்கிறான். பாவலர் நிறைந்த இவ்வவையில் நடுவில் உள்ளதைச் சற்று அழுத்திச் சொல்வதில் எனக்கு மகிழ்ச்சி.

அவனை இடைக்குன்றூர் கிழார் பாடிய 77ஆம் பாடலைப் பலமுறை வகுப்பில் நடத்தியிருக்கிறேன். கிண்கிணி நீங்கிய காலில் கழல், இன்னும் கழற்றாத ஐம்படைத்தாலி, பால் மறந்து அன்றுதான் சோறுண்ட வாய் என விரித்துரைப்பேன். மாணவியர் சுவைத்துக் கேட்பர். ஒருமுறை ஒருத்தி எழுந்து, "அம்மா, சிறுவன் போருக்கு வந்தான் என்பதற்காக மட்டுமா புலவர் இதைப் பாடினார்?" என்றாள். விடைகூற நூலைப் புரட்டியபோதுதான், இறுதி அடிகளை ஆண்டுதோறும் விரைந்து கடந்திருக்கிறேன் என்பது விளங்கிற்று. எதிர்த்து வந்த மறவரை அவன் வியக்கவும் இல்லை, இகழவும் இல்லை. வீழ்த்தியபின் மகிழ்ந்து தருக்கவும் இல்லை என்றே புலவர் முடிக்கிறார். நான் தாலியை வியந்துகொண்டிருக்க, அவரோ அதை அணிந்தவனின் அடக்கத்தை வியந்திருக்கிறார். முனைவர் பட்டம் பெற்ற எனக்கு அதைக் காட்டியவள் இருபது அகவை நிரம்பாதவள்.

முதுமையைக் குறைத்துரைப்பதாக எவரும் கொள்ளற்க. காக்கைபாடினியார் நச்செள்ளையார் 278ஆம் பாடலில் காட்டும் தாய் நரம்பெழுந்து தளர்ந்த தோளினள். மகன் புறமுதுகிட்டான் எனக் கேட்டு, வாளேந்திக் களம் புகுந்து, பிணங்களைப் புரட்டித் தேடியவள் அவளே.

பழமொழி நானூறு ஒரு சோழனைச் சுட்டுகிறது. கரிகாலன் என்பது மரபு. வழக்கோடு வந்த முதியோர், இளையவன் நீதி காண்பானோ என ஐயுற்றனர். அவன் நரைமுடி புனைந்து அமர்ந்து தீர்ப்புரைத்தான். நரை பொய், தீர்ப்பு மெய். அரசனின் நுண்ணறிவுக்கு இதைச் சான்றாக்குவர். எனக்கோ அம்முதியோர்மேல்தான் சிறிது வருத்தம். பொய்ம்மயிர் இல்லாதிருந்தால் மெய்த்தீர்ப்பை இழந்து திரும்பியிருப்பார்கள் அல்லவா?

இப்பத்தாண்டுகளில் நம் கவியரங்குகளில் மூத்தோர் முதலிலும் இளையோர் ஈற்றிலும் பாடுவதே வழக்கம். கடைசிக் கவிதை அரங்கேறும்போது பாதி நாற்காலிகள் வெறுமையாக இருக்கும். பேருந்து நேரம் உண்மைதான்; நானும் எழுந்து போனதுண்டு. அடுத்த கவியரங்கில் என் பாடலைக் கடைசியில் வைக்குமாறு செயலாளரிடம் வேண்டியிருக்கிறேன். முதலில் பாடுபவர் இவ்வாண்டு வட்டத்தில் சேர்ந்த கல்லூரி மாணவியாக இருக்கட்டும்.