கால் கடுத்தால் காத்திருக்காதீர்கள்

கம்பத்திலிருந்து விடியற்காலையில் ஜீப் ஏறி, கம்பம்மெட்டு வழியாக ஏலத்தோட்ட வேலைக்குப் போகிறவர்கள் நம்மில் பலர். மேட்டில் ஏறும்போது சிலருக்குக் கெண்டைக்கால் இறுகிப் பிடிக்கும். நின்றால் விட்டுவிடும், நடந்தால் மறுபடி பிடிக்கும். வாயு என்று சொல்லித் தைலம் தேய்த்துக்கொள்கிறோம். ஆனால், காலுக்குப் போகும் ரத்தக்குழாய் அடைபடுவதன் அறிகுறியாகவும் அது இருக்கலாம். அடைப்பு முற்றினால் படுத்திருக்கும்போதே கால் கடுக்கும், புண் ஆறாது, விரல் கறுத்துப்போகும். காலையே எடுக்கும் நிலைகூட வரலாம்.

பீடி, சிகரெட் பிடிக்கும் இளவயதுக்காரர்களை இப்படித் தாக்குவது பர்ஜர் நோய். நியூயார்க் மருத்துவர் லியோ பர்ஜர் 1908-இல் இதை விரிவாக எழுதினார். சின்னச் சின்னக் குழாய்கள் அடைபடுவதால், இதில் பலருக்கு பைபாஸ் அறுவைக்கு வழியிருப்பதில்லை.

இவர்களுக்காக பெங்களூருவின் ஸ்டெம்பியூட்டிக்ஸ் நிறுவனம் ஓர் ஆய்வு நடத்தியது. கொடையாளர்களின் எலும்பு மஜ்ஜையிலிருந்து எடுத்து வளர்த்த ஸ்டெம் செல்களைக் கெண்டைக்கால் தசையில் ஊசியாகப் போட்டார்கள். 90 பேர் பங்கேற்றார்கள். கூடுதல் அளவில் செல் பெற்றவர்களுக்கு, வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களைவிட வலி நன்றாகக் குறைந்தது, புண்ணும் நன்றாக ஆறியது. இந்தச் சிகிச்சைக்கு 2016-இல் நிபந்தனையோடு அரசு அனுமதி கிடைத்தது. 2020-இல் அது விரிவானது. நம்பிக்கை தரும் செய்திதான். ஆனால் ஆய்வு சிறியது; யாருக்கு எந்தச் சிகிச்சை என்பதும் எல்லோருக்கும் தெரிந்தே நடந்தது. புகையை விடாதவர் காலை எந்த ஊசியும் காப்பாற்றிவிடும் என்று எண்ண வேண்டாம்.

இதுபோன்ற ஆய்வில் சேர உங்களை அழைத்தால், எல்லாவற்றையும் தமிழில் விளக்கச் சொல்லுங்கள். புரிந்த பிறகே கையெழுத்துப் போடுங்கள். எப்போது வேண்டுமானாலும் விலகிக்கொள்ளலாம். அதனால் உங்கள் வழக்கமான சிகிச்சை நிற்கக் கூடாது. ஆய்வால் பாதிப்பு வந்தால் இலவச சிகிச்சையும் இழப்பீடும் தர வேண்டும் என்கின்றன 2019-ஆம் ஆண்டு மருந்து ஆய்வு விதிகள். ஆய்வு என்று சொல்லிப் பணம் கேட்டால் உஷாராகிவிடுங்கள்.

நடக்கும்போது கால் பிடித்தால், கம்பம் அரசு மருத்துவமனைக்கோ, க.விலக்கில் உள்ள தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ போங்கள். மருத்துவர் புறங்காலில் இரண்டு விரல் வைத்து நாடி பார்ப்பார். தேவைப்பட்டால், ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேன் எடுக்கச் சொல்வார். புண் வரும்வரை பொறுக்க வேண்டாம். பீடியைக் குறைப்பது போதாது, அடியோடு விட வேண்டும். வீட்டில் அப்பாவோ அண்ணனோ கால் வலிக்கிறது என்றால், இந்த வாரமே கூட்டிப் போங்கள்.